கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். உனக்கு விடுதியில் அதே அறைதானா, உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனைக் காதில் வைத்து உன் குரலைக் கேட்டாரே, அதன்பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மணி அடித்தாலே வாசலைப் பார்க்கிறார். அதனால் போனை வயரோடு கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். தலை போகிற அவசரம் என்றால் எதிர்க்கடை இஸ்திரிக்காரர் நம்பர் உன்னிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் கடிதத்தில். கடிதம் மணி அடிக்காது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, கை கால் வராவிட்டாலும் பேச்சு திரும்பும் என்றார்கள். திரும்பியிருக்கிறது, ஒரே ஒரு சொல்: "போலாம்." பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம், ஜன்னலைச் சாத்து என்பதற்கும் போலாம். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் மட்டும் எங்கேயோ ஆழத்தில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. தொனியை வைத்து நான் அர்த்தம் பிடித்துக்கொள்கிறேன். நேற்று பால்காரர், "அப்பா எங்கம்மா போகணுங்கறாரு?" என்று கேட்டார். "எங்கயும் இல்லீங்க, முதுகு அரிக்குதாம்" என்றேன்.

தையல் மெஷினை அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பள்ளிச் சீருடை தைக்க நிறைய துணி வந்திருக்கிறது. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மெஷின், ஒரு நாற்காலி. நடக்க இடமில்லை. நடந்து எங்கே போகப்போகிறேன்?

நீ வீட்டு ஞாபகத்தை விட்டுவிட்டுப் படி.

அன்புடன்,
அக்கா

&nbsp;

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உன் சுகத்தையும் அப்பாவின் சுகத்தையும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறேன்.

கடைசியாகப் போனில் பேசியபோது, அப்பாவுக்குக் கஞ்சி கடைவாயில் வழிகிறது, இருமல் வருகிறது என்று போகிறபோக்கில் சொன்னாயே, அது சாதாரண விஷயமில்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசையும் வலுவிழந்துபோகும். உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் சளி கட்டும். ஆகையால் அவரை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். தண்ணீராக எதுவும் கொடுக்காதே, குடிக்கிற தண்ணீரைக்கூடக் கஞ்சிமாவு கலந்து கெட்டியாகக் கரைத்துக் கொடு. வாயின் நல்ல பக்கத்தில் வை. ஊட்டி முடித்ததும் உடனே படுக்கவைக்காதே. கன்னத்தில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவை. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வை.

டிசம்பரில் இறுதித் தேர்வு. மனப்பாடம் செய்து தேறிய காலம் போய்விட்டது. ஒரு நோயாளியைப் பற்றி நாலு வரி கொடுக்கிறார்கள். எதைக் கவனித்தாய், அதற்கு என்ன அர்த்தம், முதலில் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். எல்லா விடையும் சரி போலவே இருக்கும். எது முதல் என்பதில்தான் ஆள் விழுவான்.

வார்டில் ஒரு பெரியவர் என்னை "டாக்டர் தம்பி" என்றார். அவர் மகன், "டாக்டர் இல்லப்பா, வார்டு பாய்" என்று திருத்தினான். நான் "நர்ஸுங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்பாவின் இருமல் எப்படி என்று மறக்காமல் எழுது.

அன்புத் தம்பி

&nbsp;

ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாயிருப்பதைப் படித்து நிம்மதி. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ சொன்னபடியே நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியாகக் கரைத்து ஊட்டுகிறேன். ஒரு வேளை சாப்பாடு ஒரு சினிமா ஓடும் நேரம் எடுக்கிறது. குதிகாலில் சிவந்திருந்த இடமும் வெளுத்துவிட்டது. இஸ்திரிக்காரர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "உன் தம்பி பாஸாகறானோ இல்லையோ, நீ பாஸ்" என்றாள்.

அவள்தான் இப்போது எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள். கண் ஒரு நாள் தெளிவாக இருக்கிறது, ஒரு நாள் புகை மூட்டம். நாற்பதைத் தொடுவதற்கு முன்பே வெள்ளெழுத்தா என்று கேலி செய்கிறாள். வெயிலும் தாங்கவில்லை. ஒரு குடம் தண்ணீரை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். குடிப்பதும் எழுந்து பின்பக்கம் போவதுமாக இருக்கிறேன். அப்பாவைப் புரட்டுவது ஒரு வேலை என்றால் இது இன்னொரு வேலை.

உனக்கு அங்கே சிநேகிதர்கள் இருக்கிறார்களா? போன வருஷம் "அலாரம்" என்று ஒரு பையனைப் பற்றிச் சொல்வாயே, கடிகாரத்துக்கு முன்னால் எழுந்து எல்லோரையும் எழுப்புகிறவன், அவன் இன்னும் உன் அறையில்தான் இருக்கிறானா? யாரோடு சாப்பிடுகிறாய்?

அன்புடன்,
அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். குதிகால் வெளுத்தது பெரிய சேதி. படுக்கைப்புண் வந்தால் போக்குவது கடினம், வராமல் காப்பது உன் கையில்தான் இருந்தது. செய்துவிட்டாய்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்டில் கால் முறிந்த ஒருவர் இருக்கிறார். கட்டிலைத் தட்டித் தட்டி நர்ஸ், நர்ஸ் என்று கூரை அதிரக் கத்துவார். நான் ஓடினேன். தலையணையைச் சரி செய்து, போர்வையை இழுத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு அம்மா சாதுவாகப் படுத்திருந்தார். பெரிய சிஸ்டர் உள்ளே வந்தவர் நேராக அந்த அம்மாவிடம் போய்க் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. நல்லவேளையாகப் பிழைத்தார்.

பெரிய சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எதுக்கு அவர்கிட்ட ஓடினே?"

"கத்தினாருங்க சிஸ்டர்."

"கத்தறவருக்கு மூச்சு இருக்குப்பா. சத்தமே வராத கட்டிலுக்கு மொதல்ல போ."

தேர்வில் நிச்சயம் இதைத்தான் கேட்பார்கள். நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எவ்வளவு வெளியே போகிறது என்று தம்ளர் கணக்கில் அளந்து எழுது. அது ரொம்ப முக்கியம்.

அன்புத் தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 29

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டதை ஒரு வாரம் அளந்தேன். அப்பா பகலில் ஐந்து தம்ளர், விளக்கு வைத்தபின் ஒன்று. போவதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான், நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஜன்னலோர அம்மாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். சாதுவாகப் படுத்திருந்தவரின் கையைத் தொட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுவே பெரிய கொடுப்பினை.

என் சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்தேன், மறுபடியும் தொளதொளக்கின்றன. இஸ்திரிக்காரர் மனைவி, "என்ன இப்படி இளைச்சுட்டே, ரகசியமா ஏதாச்சும் மருந்து சாப்பிடறியா?" என்றாள். "மெஷின் மிதிக்கிற மருந்து" என்றேன். பசி இல்லாமலில்லை. சாப்பிடத்தான் செய்கிறேன்.

இந்த மாத ஆரம்பத்தில் கத்தரிக்கோல் கைநழுவிக் காலில் விழுந்துவிட்டது. பெருவிரலுக்கு அடுத்த விரலில் சின்ன வெட்டு. இன்னும் ஆறவில்லை, ஓரம் கறுத்தாற்போல இருக்கிறது. என்ன போடலாம்? கேட்பது எனக்குத்தான், அப்பாவுக்கு அல்ல.

நேற்று இஸ்திரிக்கடை அடைத்திருந்தது. பால்காரர் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். மாலையில் யோசித்துப் பார்த்தேன், அன்று முழுக்க என் காதில் விழுந்த ஒரே வார்த்தை "போலாம்." பதிலுக்கு நான், "எங்கப்பா போலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அக்கா

&nbsp;

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே விழைகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். மாதிரித் தேர்வுகள் அடுத்தடுத்து, கூடவே வார்டு வேலை.

அப்பாவின் தண்ணீர்க் கணக்கு சரியாக இருக்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடு. அவரை எழுப்பி உட்காரவைக்கும்போது சட்டென்று தூக்காதே, தலை சுற்றும். வலது தோளைப் பிடித்து இழுக்காதே, மூட்டு நழுவும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம், இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்.

விரலை உப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணி கட்டு.

அவசரத்தில்,
தம்பி

&nbsp;

அக்டோபர் 15

தம்பிக்கு,

நலம். அப்பாவுக்கு இருமல் இல்லை. புண் இல்லை. தண்ணீர் ஆறு தம்ளர். மாத்திரை வாங்கியாயிற்று. இடுப்பில் துண்டு கட்டித்தான் தூக்குகிறேன்.

தேர்வு முடியும்வரை நீ எழுத வேண்டாம். எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்கா

&nbsp;

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். எழுத வேண்டாம் என்றாய், ஆனாலும் மனசு கேட்கவில்லை. நடுவில் ஒரு அட்டை போட்டேன், அதற்கும் பதில் இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? தேர்வு கெட்டுப்போகும் என்று மறைக்கிறாயா? காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, இடது பக்கமும் பலவீனமாகிறதா என்று பார். ஒரு வரி போதும். அப்பா நன்றாக இருக்கிறார் என்று ஒரே ஒரு வரி.

அன்புத் தம்பி

&nbsp;

டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஊரிலிருந்து விடுதிக்கு வந்து சேர்ந்தேன். விடுதி காலி. தேர்வு எழுதியவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் தவறவிட்டதை மார்ச்சில் எழுதலாம், அதைப் பற்றிக் கவலைப்படாதே. இன்சுலின் ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறாயா? காலில் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்கிறாயா?

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்ல வாய் வரவில்லை. நீ மயங்கிக் கிடந்த அன்று என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வார்டில் சிறுநீரகம் பழுதான ஒருவர் இருந்தார். அவர் குடிக்கும் ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி தினமும் உட்கார்ந்திருப்பார். அன்று காலை அந்த அம்மா, "தம்பி, இந்த பாட்டில இன்னொரு தடவ ரொப்பிக் குடுப்பா, நாக்கு ஒட்டுது" என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி கொடுத்தேன். கணவரின் கணக்கை ஒரு சொட்டுப் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தபோது பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கருவியில் எண் வரவில்லை. அந்தக் கருவி காட்டக்கூடிய அளவையே தாண்டியிருந்தது.

"காலைலேர்ந்து எத்தன பாட்டில் குடிச்சாங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"மூணு, நாலு இருக்கும். நான்தான் ரொப்பிக் குடுத்தேன்."

"உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"அவங்க பேஷன்ட் இல்லையே சிஸ்டர்."

"கட்டில்ல படுத்தாத்தான் உன் கண்ணுக்குத் தெரிவாங்களா?"

நான் காலி பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா. உன் மெஷினுக்குப் பக்கத்தில் நீ வைத்திருந்த குடம் கண் முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே புகை மூட்டமான கண், தொளதொளத்த சட்டை, ஆறாத விரல், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எவருடைய கடிதத்திலாவது இந்த நாலையும் படித்திருந்தால் முதல் வருஷத்துப் பையன்கூடச் சொல்லியிருப்பான். நான் உப்புத் தண்ணீர் என்று எழுதினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை.

ஓடிப்போய் இஸ்திரிக்கடைக்குப் போன் போட்டேன். "அக்காவா? உள்ளதான் இருக்கும்" என்றார். "அப்பாதான் காலைலேர்ந்து போலாம் போலாம்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காரு. என்னிக்கும் சொல்றதுதானேன்னு நான் கண்டுக்கல."

"அண்ணே, பெட்டிய அப்படியே வெச்சுட்டுப் போய்க் கதவத் தெறங்க" என்றேன்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததாம். அவரும் பால்காரரும் சேர்ந்து உடைத்திருக்கிறார்கள். நீ மெஷின் மேல் தலை சாய்த்துக் கிடந்தாய். மூச்சு ஆழமாக வாங்கிக்கொண்டிருந்தது. அப்பா நகர முடிந்த அளவு நகர்ந்து, பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, நல்ல கையால் உன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஆட்கள் உள்ளே வந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று உனக்குப் பாடம் எழுதினேனே. அவர் தனக்காகக் கத்தவில்லை.

விரலை எடுக்கும்படி ஆனது என்னால்தான். செப்டம்பரிலேயே கேட்டிருந்தால் விரல் மிஞ்சியிருக்கும். தேர்வு எழுதியதும் ஊருக்கே வந்துவிடுகிறேன். பக்கத்தில் ஏதாவது சின்ன கிளினிக்கில் சேர்ந்துகொண்டு உன்னையும் அப்பாவையும் பார்த்துக்கொள்கிறேன். முடிவு செய்துவிட்டேன்.

தம்பி

&nbsp;

ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா. உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன், இன்னொரு தடவை படிக்கத் தெம்பில்லை. கட்டு பிரித்தாயிற்று. மெஷின் மிதிக்க ஒன்பது விரல் தாராளமாகப் போதும். கண் தெளிந்துவிட்டது, நூலை நானே கோக்கிறேன். ஊசி பழகிவிட்டது.

உன்மேல் கோபமே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். இருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் சுகமா என்று கேட்டாய். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அப்பாவிடம் போய்விட்டாய். சரி, இது சொல்லும்படியான விஷயமில்லை போலிருக்கிறது என்று எனக்கே பட்டுவிட்டது. அக்டோபரில் எழுதினேனே ஒரு கடிதம், அது கோபத்தில் எழுதியது. எழுத வேறு ஒன்றும் இல்லை என்று எழுதிய அன்று எழுந்து நிற்கவே முடியவில்லை. இஸ்திரிக்காரர் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பங்கு என்னுடையது, அதையும் சேர்த்து நீ சுமக்காதே.

இனி உன்னிடம் சொல்லாத ஒன்று. ஆஸ்பத்திரியில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

விரலை எடுத்த மறுநாள்கூட. காலையில் அந்தக் கட்டைக்குரல் நர்ஸம்மா திரையைச் சரேலென்று இழுப்பாளே, "என்னம்மா, தூங்கினியா? என்ன சாப்பிட்டே? எங்க வலிக்குது?" என்பாள். அது அவள் வேலை, எல்லாக் கட்டிலிலும் அதையேதான் கேட்பாள், தெரியும். ஆனாலும் விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். அம்மா போனபின் என்னை யாரும் தூங்கினாயா என்று கேட்டதில்லை. நான்தான் எல்லோரையும் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, "இன்னும் வலிக்குதுங்க" என்றேன். வலி இல்லை. மேலும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நீ வெளியே டாக்டரிடம் என்ன வலி, ஏன் வலி என்று கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகையால் நீ வர வேண்டாம். நீ வந்தால் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு வேண்டியது அதுவல்ல. பஸ் போகும் சாலையில் ஒரு தையல் கூடம் இருக்கிறது, ஆள் எடுக்கிறார்கள். காலையில் போய்விட்டு மதியம் திரும்பலாம். இஸ்திரிக்காரர் மனைவி அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் வீட்டில் பேச்சுத்துணை இல்லையாம். அப்பா எல்லாவற்றையும் மறுக்காமல் கேட்டுக்கொள்கிறார் என்கிறாள்.

ஜூலையில் உன்னை ஒன்று கேட்டேன். யாரோடு சாப்பிடுகிறாய் என்று. நீ பதில் எழுதவில்லை. நான் மறக்கவில்லை.

அன்புடன்,
அக்கா

&nbsp;

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்து பழையபடி சின்னதாகியிருக்கிறது. உறையைப் பார்த்ததுமே தெரிந்தது. நேற்று எப்படித் தூங்கினாய்? காலைப் பார்த்தாயா, விரலிடுக்கில் புதிதாகச் சிவப்பு ஏதாவது உண்டா? எழுது. இந்தத் தடவை பதிலுக்கு நிற்கிறேன்.

யாரோடும் சாப்பிடுவதில்லை. அலாரம் நீ கேட்பதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டான். வகுப்பில் ஆண்கள் நாங்கள் மூன்று பேர், மற்ற இரண்டு பேர் ஒரே ஊர்க்காரர்கள். சாப்பாட்டுக்கூடத்தில் ஜன்னலைப் பார்த்த மேசை ஒன்று இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் முதுகு மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வார்டில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். நோயாளிகள் சளியா என்று கேட்பார்கள். உனக்குக் கட்டளை கட்டளையாக எழுதினேனே, அதை எழுதும்போதுதான் யாரோடோ பேசுகிற மாதிரி இருந்தது. நீ எழுதுவதைக் கேட்பதற்கு முன்பு நானே பேசித் தீர்த்துவிட்டேன்.

வர வேண்டாம் என்றால் வரவில்லை. வேலைக்குப் போ. ஒன்று மட்டும். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்போது உனக்கே உன்னைத் தெரியாது. பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் முதல் நாளே சொல்லிவை. கூச்சப்படாதே. நான் எவ்வளவு படித்தாலும் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிறேன்.

அன்புத் தம்பி

&nbsp;

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நன்றாகத் தூங்கினேன். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. தேர்வு நன்றாக எழுதியிருப்பதாக இஸ்திரிக்கடைக்குப் போன் செய்தாயாம். அவர் அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டார். அப்பாவிடமும் சொன்னேன். அவர் சொன்ன பதில் உனக்குத் தெரியும், ஆனால் தொனி புதிது.

நான் வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் புறப்பட்டபோது அப்பா அழுதார். தெருமுனை வரைக்கும் குரல் கேட்டது. திரும்பிவிடலாமா என்று நின்றேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

கூடம் பெரியது. எல்லா மெஷினும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆகவே யாரும் பேசிக்கொள்வதில்லை. ஆள் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தும் வாய் திறக்காமல் திரும்பி வருகிறேனே என்று முதல் வாரம் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என் பக்கத்து மெஷினில் ஒருத்தி. எல்லோரும் அவளைப் புயல் என்கிறார்கள், தைக்கிற வேகத்துக்காக. சிரிக்கவே மாட்டாள். நீ சொன்னாயே என்று முதல் நாளே அவளிடம் ஊசி விஷயத்தைச் சொல்லிவைத்தேன். "ம்" என்றாள். காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

நேற்று பஸ் தாமதம். ஊசி போட்டிருந்தேன். சாப்பாட்டுப் பாத்திரம் பையில் இருந்தது, போனதும் சாப்பிடலாம் என்று நினைத்தேன். போனதும் அவசர வேலை என்று கட்டுக்கட்டாகத் துணியைக் கொண்டுவந்து போட்டார்கள். கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். கோடு நேராக வரவில்லை. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் கோணல். கழுத்தெல்லாம் வியர்வை. துணிமேல்தான் கோபம் வந்ததே தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பக்கத்து மெஷின் நின்றது. அவள் என்னைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"ஏய், என்ன ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

நான் பையைக் காட்டினேன். அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் டீ, அதில் கரைய மறுக்கிற அளவுக்குச் சர்க்கரை. தம்ளரை என் கையில் கொடுக்காமல் அவளே வாயருகில் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் வந்து, "ரெண்டு மெஷின் ஏன் நிக்குது?" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொதல்ல ஆள் நிக்கட்டும், அப்புறம் மெஷின் ஓடட்டும்" என்றாள். அவர் போய்விட்டார்.

நடுக்கம் அடங்கியதும் என் பாத்திரத்தை எடுத்துத் திறந்து என் முன்னால் வைத்தாள். கடைசி வாய் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று.

"வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"அப்பா. தூரத்துல ஒரு தம்பி."

"தம்பி என்ன பண்றான்?"

"நர்ஸ்."

அவள் தன் மெஷினுக்குத் திரும்பி, துணியை ஊசிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ அவனுக்கு எழுது. இன்னிக்கு நான் பாத்துக்கிட்டேன்னு."

எழுதிவிட்டேன்.

அக்கா